என் அப்பா பிடித்த சமன்

என் அப்பா கொடிகாமம் தபாற்கந்தோரில் முப்பத்திரண்டு வருஷம் முத்திரை குத்தியவர். கடலில் கால் நனைத்ததில்லை. கீரிமலைக் கேணிக்குப் போனால்கூடப் படியில் நின்று செம்பால் அள்ளித்தான் குளிப்பார். அப்படிப்பட்ட மனிதரை 1991ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், லண்டனில் பார்க்கிங் என்ற பகுதியில் ஒரு பேப்பர்க் கம்பனியின் கன்ரீனில் வைத்து, நான் பெரிய மீன்பிடிகாரர் ஆக்கினேன். அதற்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

எங்கள் மனேஜர் எட்வேட் வெள்ளைக்காரர், நல்ல மனிதர், மீன் பைத்தியம். அந்த ஒக்டோபரில் ஓய்வு பெற இருந்தார். போவதற்கு முன் வெயர்ஹவுசுக்கு ஒரு சூப்பர்வைசரைப் போட்டுவிட்டுப் போவார் என்று கதை. இரண்டு பேருடைய பெயர் அடிபட்டது. ஒன்று என்னுடையது, மற்றது பஸ்தியாம்பிள்ளையுடையது. சூப்பர்வைசருக்கு ஒரு கண்ணாடி அறை உண்டு, அறைக்குள் ஒரு சுழல் கதிரை உண்டு. எட்டு வருஷமாக நின்றுகொண்டே வேலை செய்தவனுக்கு அந்தக் கதிரை கனவில்கூடச் சுழலும்.

அன்று எட்வேட் ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஒரு பிள்ளையைத் தூக்குவது போல ஒரு பெரிய வெள்ளி மீனைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

"சமன். பார்த்திருக்கிறாயா, ராஜ்?"

ஆனந்தராஜா என்ற என் பெயரில் அவருக்கு வாயில் வந்த மிச்சம் அது.

"சமனா? எங்கள் வீட்டில் கிழமையில் இரண்டு நாள் சமன்தான்" என்றேன்.

அதுவரை நான் பொய் சொல்லவில்லை. எங்கள் ஊரில் சமன் என்றால் ரின், தகரப் பேணியில் அடைத்த மீன். கடைத் தட்டில் அடுக்கியிருக்கும், பேணிவெட்டியால் வெட்டுவோம், வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு வதக்கினால் ஒரு கோப்பை சோறு போவது தெரியாது. ரின்னுக்கு வெளியே அந்த மீனுக்குத் தலை இருந்ததா, வால் இருந்ததா என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

எட்வேட்டின் கண் விரிந்தது. "புதிதாகப் பிடித்த மீனா? யார் பிடிப்பது?"

கடைக்காரர் என்று சொல்லியிருக்கலாம். கண்ணாடி அறை அவர் தோளுக்குப் பின்னால் தெரிந்தது.

"அப்பா" என்றேன்.

எந்த ஆற்றில் என்று கேட்டார். யாழ்ப்பாணத்தில் ஆறே இல்லை என்பது எனக்குத் தெரியும். நல்ல காலம், அவருக்குத் தெரியாது. பெரிய ஆறு என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த நாள் என்னைக் கூப்பிட்டார். செப்டெம்பரில் ஸ்கொட்லாந்தின் வடக்கே, ஆளரவமில்லாத மலைக்காட்டில் மூன்று நாள் சமனும் ட்ரவுட்டும் பிடிக்கப் போக வேண்டும். வழிகாட்டி வேண்டும், தங்க இடம் வேண்டும், எல்லா ஏற்பாடும் நான்தான் செய்ய வேண்டும், நானும் கூட வர வேண்டும். "மூன்று பேர் போகலாம். இதை ஒழுங்காகத் திட்டம் போடுகிறவன்தான் எனக்குப் பிறகு அந்த அறையில் இருக்கத் தகுந்தவன்" என்றார். அதைவிடப் பச்சையாக ஒரு மனிதர் சொல்ல ஏலாது.

பஸ்தியாம்பிள்ளையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். மன்னார், பேசாலைக்காரர். அவருடைய தகப்பன் யாக்கோப்புக்குச் சொந்தமாக இரண்டு படகு இருந்ததாம். ஒரு மத்தியானம் அவர் சொன்னார், நான் "ஓ" என்று சொல்லிவிட்டுக் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசினேன். ஏழு வருஷம் ஒரே லொறித்தட்டில் பெட்டி இறக்கியிருக்கிறோம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். லண்டனில் ஆறு மாதம் மூத்தவனையும் நான் அண்ணை என்பேன். அவரை மட்டும் பஸ்தி என்பேன். அவர் என்னை நீங்கள் என்பார். இது ஏன் இப்படி என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை, ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் மீன் தின்பார்கள், மீன் பிடிக்கிறவர்களைப் படலையோடு நிறுத்திவிடுவார்கள்.

ஸ்கொட்லாந்தில் மீன் பிடிக்க ஆற்றங்கரையை வாடகைக்கு விடுகிறவர்களுக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்ஃபோர்டுக்கு, எங்கள் வீட்டுக்கே வந்தது. என் மனைவி சிவனேஸ்வரி எட்டிப் பார்த்தாள்.

"எஸ்டேட் எண்டு கிடக்குது. தேயிலையோ?"

"இது மீன் எஸ்டேட்."

"மீனுக்கும் எஸ்டேட்டோ? சரி, வெள்ளிக்கிழமை மட்டும் மீனைத் தொடாதேங்கோ."

மூன்று நாளில் நடு நாள் வெள்ளி. ஞாயிறுக்கு மாற்றலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமை சமன் பிடிப்பது அங்கே சட்டப்படி குற்றம் என்று கடிதம் சொன்னது. அதற்குக் கீழே தடித்த எழுத்தில் இன்னொரு வரி: ஃபிளை ஒன்லி.

நானும் அவளும் அதை மூன்று தரம் வாசித்தோம். விமானத்தில் வருகிறவர்களை மட்டும்தான் சேர்ப்பார்கள் என்று முடிவு கட்டினோம். பெரிய இடம், ரயிலில் வருகிறவனை மதிக்க மாட்டார்கள் போல. அடுத்த நாளே இன்வர்னெஸ் விமான நேரங்களை எழுதிக்கொண்டு போய் எட்வேட்டிடம் விஷயத்தைச் சொன்னேன்.

மனிதர் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி மூக்கால் வந்தது. "ஃபிளை ஒன்லி! பிரமாதம், ராஜ்!" என்று முதுகில் தட்டினார். நானும் சிரித்தேன், அவரைவிடக் கொஞ்சம் அதிகமாகவே. என்ன பகிடி விட்டேன் என்று அறிய லொறித்தட்டுக்கு ஓடினேன்.

பஸ்தியாம்பிள்ளை கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "இது ஈ" என்றார். "இறகும் நூலும் வச்சு ஈ மாதிரிக் கட்டின தூண்டில். புழு போட விடாங்களாம்."

"உமக்கு இது தெரியுமோ, பஸ்தி?"

"எனக்கெங்க தெரியும், நான் வலைக்காரன். நீங்கள் போறியள் எண்டு கேள்விப்பட்டு லைப்ரரியில போய்ப் பாத்தனான்." கடிதத்தை மடித்துத் தந்துகொண்டே, "இன்னொண்டு. எங்கட ரின்னுக்குள்ள இருந்தது சமன் இல்லை. கும்பிளா மாதிரி ஒரு மீன். பேர்தான் சமன்" என்றார்.

நாற்பது வயதில் ஒருவனுக்கு இப்படியொரு செய்தி வரக்கூடாது.

அதற்குப் பிறகு திட்டம் போட்டது நான் என்றால் என் நாக்கு அழுகிவிடும். கிங்ஸ் குரொஸ் ஸ்ரேஷனில் எந்த ரயில், எங்கே மாறுவது, இடுப்பளவு சப்பாத்து எங்கே வாடகைக்கு எடுக்கலாம், அங்கே கடிக்கிற நுளம்புக்கு என்ன பூசுவது, கில்லி என்று சொல்லும் வழிகாட்டிக்கு எப்போது கடிதம் போடுவது, எல்லாம் அவர் தேடினார். வியாழக்கிழமைகளில் வேலை முடிந்து போகும் வழியில் எங்கள் வீட்டு மணியை அடித்துத் தாள்களைத் தருவார். வாசல் பாயில் நின்றே தருவார், ஏழு வருஷமாக எப்போது வந்தாலும் அங்கேதான். நான் வாசலில் நின்றே வாங்குவேன். கையெழுத்து மட்டும் என்னுடையது. அதற்குக் கைம்மாறாக மூன்றாவது இடத்துக்கு அவருடைய பெயரைப் போட்டேன். என் பெருந்தன்மையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

ஓகஸ்ட்டில் எட்வேட் ஒத்திகை வைத்தார். எசெக்ஸ் பக்கம் ட்ரவுட் வளர்க்கும் ஒரு குளம். எங்கள் இருவரையும் தன் காரில் கூட்டிப்போனார். "முதலில் நிபுணர்" என்று தூண்டில் தடியை என் கையில் தந்தார்.

முதல் வீச்சில் பின்னால் இருந்த வேலியைப் பிடித்தேன். இரண்டாவதில் என் தொப்பி குளத்துக்குப் போனது. மூன்றாவதில் எட்வேட்டின் கம்பளிச் சட்டையில் ஈ உட்கார்ந்தது. "எங்கள் ஊரில் தடி வேறு மாதிரி" என்றேன். அவர் தலையாட்டினார். முந்தி ஆட்டியது போல ஆட்டவில்லை.

பஸ்தியாம்பிள்ளை வந்து சட்டையிலிருந்து தூண்டில் கொளுவியைக் கழற்றினார். அறுந்த நூலைப் பார்க்காமலேயே ஒரு கையால் முடிந்தார். பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். காற்று எந்தப் பக்கம், நிழல் எங்கே என்று கணக்குப் பார்த்து, தடியை என் கையிலிருந்து வாங்கினார். ஐந்தாறு வீச்சுத் தவறியது, ஏழாவது போய் ஓசையில்லாமல் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் கரையில் ஒரு ட்ரவுட் துள்ளியது.

"அந்த முடிச்சு! எங்கே பழகினாய்?" என்று எட்வேட் அவரிடம் கேட்டார். கேட்ட குரலில் என் கதிரை உருண்டு போவது எனக்குக் கேட்டது.

பஸ்தியாம்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் நான் சொன்னேன்: "அவருடைய அப்பா எங்கள் அப்பாவின் படகில் கூலிக்கு நின்றவர்."

இதை எழுதும்போதும் என் காது சுடுகிறது. எட்வேட் "அப்படியா" என்று திருப்தியாகச் சிரித்தார். பஸ்தியாம்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. மீனைக் கொளுவியிலிருந்து எடுத்து, ஈரத் துணியில் சுற்றி, கூடைக்குள் வைத்தார்.

இல்ஃபோர்ட் ஸ்ரேஷனடியில் எங்கள் இருவரையும் இறக்கிவிட்டு எட்வேட் போனார். பஸ்தியாம்பிள்ளை பஸ்ஸுக்குப் போக வேண்டியவர், நின்றார்.

"என்ர அப்பர் எண்பத்தைஞ்சில கடலுக்குப் போனவர். திரும்பி வரேல்லை" என்றார். "போனது தன்ர படகில. ஒருதற்ர படகிலயும் இல்லை."

திரும்பிப் பஸ்ஸுக்கு நடந்தார். ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டில் சிவனேஸ்வரியிடம் சொன்னேன். ஆறுதல் சொல்வாள் என்று ஒரு நினைப்பு. அவள் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"உங்கட அப்பாவை வித்தியள், சரி, அது உங்கட சாமான். அந்த மனிசன்ர அப்பாவையும் ஏன் வித்தனீங்கள்?"

இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கதிரை வேண்டும் என்ற ஆசையும் போகவில்லை, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எஸ்டேட் கடிதத்தோடு வந்த படிவம் ஒன்று திருப்பி அனுப்பாமல் மிச்சம் இருந்தது. வருகிறவர் பெயர், மீன்பிடியில் அனுபவம். வந்த அன்றே என் பெயருக்கு எதிரே "பரம்பரை மீன்பிடிகாரர்" என்று எழுதி வைத்திருந்தேன். திங்கட்கிழமை அதைக் கிழித்துவிட்டு வேறு தாளில் எழுதினேன். ஆனந்தராஜா: அனுபவம் இல்லை, தகப்பன் தபாற்கந்தோர், சமன் தின்றது ரின்னில், அதுவும் சமன் இல்லை. பஸ்தியாம்பிள்ளை: தகப்பன் யாக்கோப்பு, பேசாலை, சொந்தப் படகு இரண்டு, இந்தப் பயணத் திட்டம் முழுவதும் இவருடையது. எட்வேட்டின் மேசையில் வைத்துவிட்டு, நிற்கத் தைரியமில்லாமல் நின்றேன்.

அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"அப்படியானால் ஃபிளை ஒன்லி?"

"உண்மையாகவே விமானம் என்றுதான் நினைத்தேன், சேர்."

அவர் சிரிக்கவில்லை. அந்தப் பகிடியை எத்தனை பேருக்குச் சொல்லியிருந்தாரோ, பாவம். "நீ போகலாம்" என்றார்.

கிழமை முடிவதற்குள் கண்ணாடி அறைக்குள் பஸ்தியாம்பிள்ளை இருந்தார். கதிரையைச் சுழற்றவே இல்லை. பயணத்தில் என் இடம் இரத்தாகியது. செப்டெம்பரில் அவரும் எட்வேட்டும் வடக்கே போன மூன்று நாளும் லொறித்தட்டைப் பார்க்கிற ஆள் என்று அறிவித்தல் பலகையில் என் பெயர் இருந்தது. புது சூப்பர்வைசரின் முதல் கையெழுத்து அது. என் அப்பாவின் படகில் அவருடைய அப்பாவைக் கூலிக்கு நிறுத்தியதற்கு, எனக்கு அது போதாது.

அவர் திரும்பி வந்தது ஞாயிற்றுக்கிழமை. பின்னேரம் மணி அடித்தது. கதவைத் திறந்தால் வாசல் பாயில் அவர், முகமெல்லாம் நுளம்புக் கடி, கையில் ஒரு காகிதப் பை. பெரிய பை இல்லை.

"ஒண்டும் படேல்லையோ?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"ஒண்டும் படேல்லை. மூண்டு நாளும் நல்ல மழை. எட்வேட் ரெண்டு தரம் ஆத்துக்குள்ள விழுந்தவர்." பையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். "அங்க வீட்டில ஒரு பெரிய புத்தகம் வச்சிருக்கினம். வந்தவையள் பேர் எழுதோணும், ஆரிட்டப் பழகினதெண்டும் எழுதோணும். யாக்கோப்பு, பேசாலை எண்டு எழுதிப்போட்டு வந்தனான்."

நான் அவர் காலடியில் கிடந்த பாயைப் பார்த்தேன்.

அவர் பையை நீட்டினார். உள்ளே ஒரு ரின். சிவப்பு லேபல், தக்காளிச் சாறு, எங்கள் தமிழ்க் கடையில் அடுக்கியிருப்பது.

"வெறுங்கையோட வரக்கூடாதெண்டு வழியில வாங்கினனான்" என்றார், முகத்தில் ஒரு சுளிப்புமில்லாமல். "உங்கட அப்பா பிடிச்சது."

குசினிக்குள் சிவனேஸ்வரி பக்கென்று சிரித்தது கேட்டது. நான் சிரிக்கவில்லை. ரின்னை இரண்டு கையாலும் வாங்கினேன். ஏழு வருஷமாக அந்த மனிதர் அந்தப் பாயில் நின்றிருக்கிறார். அது இரண்டடிப் பாய்.

"உள்ள வாங்கோ, அண்ணை" என்றேன்.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அன்று குளத்துத் தண்ணீரைப் பார்த்த பார்வை. பிறகு குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.