ஏழு அணிந்துரை, ஒரு கதை

எங்கள் மந்தைவெளி அடுக்ககத்தின் எதிர்வீட்டுக் கல்யாணராமன், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே எழுத்தாளர் ஆகிவிட்டார். முதலில் ஜிப்பா வந்தது, பிறகு கதைகள். பத்திரிகைகள் திருப்பி அனுப்பின. பத்திரிகைகளின் தரம் போய்விட்டது என்று லிஃப்டில் அகப்பட்டவர்களிடமெல்லாம் சொன்னார். கல்யாணராமன் வீட்டுச் சமையலறை ஜன்னலும் எங்களுடையதும் நேருக்கு நேர். ஒட்டுக்கேட்கும் சிரமத்தை அவர் எனக்கு வைக்கவே இல்லை.

எழுதிய ஒன்பதில் எட்டு, நேர்மையான வங்கி அதிகாரி ஊரைத் திருத்தும் கதைகள். ஒன்று மட்டும் வேறு. பெயர் 'சாவி'. சீக்கிரம் வீடு திரும்பும் ஒருவன், உள்ளே மனைவி பாடுவதைக் கேட்டு, பாட்டு முடியும்வரை சாவியும் கையுமாக வாசலிலேயே நிற்கிறான். அவ்வளவுதான். இந்த மனிதருக்கு அது எப்படி வாய்த்தது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

அவர் மனைவி விஜயலக்ஷ்மி ஜன்னல் வழியாகச் சொன்னாள்: "நான் பாடறது அவர் காதுல விழுந்திருக்குன்னு இதைப் படிச்சுதாண்டி எனக்கே தெரியறது. மத்ததெல்லாம் கிடக்கட்டும், இது மட்டும் புஸ்தகத்துல வந்துடணும்."

தி.நகரில் பாத்திரக்கடை மாடியில் பதிப்பகம் வைத்திருக்கும் இசக்கிமுத்து, ஜனவரி புத்தகக் காட்சிக்குள் போட்டுத் தர ஒப்புக்கொண்டார். "தொண்ணூத்தாறு பக்கம் சார். அதுக்கு மேல ஒரு பக்கம் ஏறாது. பெரிய மனுஷர் யார்ட்டயாவது ஒரே ஒரு அணிந்துரை வாங்கிருங்க."

ஒன்றோடு நிறுத்தத் தெரிந்தால் அவர் ஏன் கல்யாணராமன்? பூங்காவில் காலை நடைக்கு வரும் பல் டாக்டரிடம் கேட்டார். கூட நடந்த ஆடிட்டர் முகம் சுண்டியது. அவரிடமும் கேட்டார். இப்படியே ஏழு பேர். ஏழாவது ஆள் ஓய்வுபெற்ற நீதிபதி விஜயராகவன். எல்லாருக்கும் ஒரே ஜெராக்ஸ் கட்டு, கட்டில் முதல் கதை 'சாவி'. எல்லாரும் அதை மட்டும் படித்து, அதையே புகழ்ந்து, மிச்ச இடத்தில் தங்கள் சுயசரிதையை எழுதிக் கொடுத்தார்கள்.

இசக்கிமுத்து போன் செய்தார். கல்யாணராமன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். "சார், அணிந்துரையை வெட்டுங்க, இல்லேன்னா கதையை வெட்டுங்க."

"அணிந்துரையில கை வைக்கப்படாது. கார்த்தால பார்க்குல நான்தானே அவா மூஞ்சில முழிக்கணும்?"

கதைகள் போயின. ஒவ்வொன்று போகும்போதும், சுருங்கச் சொல்வதே கலை என்று வீட்டுக்குள் உபன்யாசம் நடந்தது. கடைசியில் மிஞ்சியவை 'சாவி'யும் 'ஓர் அதிகாரியின் மனசாட்சி'யும். அந்த நேரம் பார்த்து, தீர்ப்பு நீளத்துக்கு நீதிபதியின் அணிந்துரை வந்து இறங்கியது.

"ஏன்னா, 'சாவி' இருக்கட்டுமே."

"மத்ததோட பேர்ல அட்டை அடிச்சாச்சு. உள்ள அந்தக் கதை இல்லேன்னா ஊர் சிரிக்காதா?"

"அப்போ ஒரு அணிந்துரையை எடுத்துடுங்கோ."

"ஜட்ஜோடதையா? உனக்கு இலக்கியமும் தெரியலை, லோகமும் தெரியலை."

பிறகு அந்த ஜன்னலிலிருந்து மிக்ஸி சத்தம்தான் வந்தது.

லஸ் பக்கம் ஒரு சின்ன ஹாலில் வெளியீடு. மேடையில் ஏழு பேர், ஏழு பொன்னாடை. ஒவ்வொருவரும் 'சாவி'யைப் பற்றி முழங்கினார்கள். கையிலிருந்த புத்தகத்தை ஒருவர்கூடத் திறக்கவில்லை. விசிறிக்கொள்ள மட்டும் பயன்பட்டது. கேட்டவர்களும் போண்டா வரும்வரை பொறுமையாகக் கைதட்டினார்கள்.

எங்கள் மேல்மாடி மஹ்விஷ், பெருங்குடியில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள், அன்றைக்குப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கிய ஒரே ஆள். கூட்டம் முடிந்ததும் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே வந்தாள்.

"அங்கிள், எல்லாரும் சொன்னாங்களே, அந்தச் 'சாவி' எந்தப் பக்கத்துல இருக்கு?"

"அது... அடுத்த தொகுப்புல வரதும்மா," என்று பொன்னாடையைச் சரிசெய்தார் கல்யாணராமன்.

விஜயலக்ஷ்மி கைப்பையைத் திறந்து, மடித்து வைத்திருந்த ஜெராக்ஸ் தாள்களை எடுத்து நீட்டினாள். "இந்தா, இதான். உக்காந்து படி."

மஹ்விஷ் உட்காரக்கூட இல்லை. தூணில் சாய்ந்தபடி கடைசி வரி வரைக்கும் படித்தாள். பிறகு தலை நிமிர்ந்து, எழுதியவரை விட்டுவிட்டு, விஜயலக்ஷ்மியைப் பார்த்துக் கேட்டாள்: "ஆன்ட்டி, அது என்ன பாட்டு?"

விஜயலக்ஷ்மியின் முகம் மலர்ந்தது. வாயைத் திறப்பதற்குள் கல்யாணராமன் குறுக்கே வந்து நின்றார்.

"பிடிச்சிருக்கோன்னோ? ஒரு நாலு பக்கம் எழுதிக் கொடேன். அடுத்த தொகுப்புக்கு அணிந்துரையா வெச்சுக்கலாம்."