பட்டியலில் அட்டுவம்பட்டி இல்லை

1

இது கதையாகத் தொடங்கவில்லை. ஓர் இதழ் கட்டுரை கேட்டது: பொருளாதாரச் சுதந்திரத்தில் எந்த நாடு எங்கே நிற்கிறது? மூன்று பக்கம் எழுதியதும் கட்டுரைக்குள் காசிநாதன் வந்துவிட்டான். வயது முப்பத்தொன்று. மனைவி சுதாராணி இறந்து ஏழு மாதம். (எனக்கும் அதே வயதுதான். மேலே கேட்காதீர்கள்.)

2

முதல் தொடக்கம்: "கொடைக்கானலில் அன்று மூடுபனி" – அடித்துவிட்டேன்.

இரண்டாவது: சிங்கப்பூர் கம்பெனி ஒன்று காசிநாதனை வேலைக்கு அழைத்து, இன்று மாலை ஐந்து மணிக்குள் பதில் கேட்டிருந்தது. வேலைக்குப் போனால், கொடைக்கானல் பக்கத்து அட்டுவம்பட்டி வீட்டில் மாமியார் மாரியாயி தனி. சுதா அவளுக்கு ஒரே பிள்ளை.

இது நிற்கட்டும்.

3

காசிநாதன் மாரியாயிக்கு மடிக்கணினியில் அந்தச் சுதந்திரப் பட்டியலைக் காட்டினான். சொத்துக்குப் பாதுகாப்பு, தொழில் தொடங்க எளிமை, தடையில்லா வணிகம் என்று மதிப்பெண் போட்டிருந்தார்கள். சிங்கப்பூர் உச்சியில். இந்தியா கீழ்ப்பாதியில். மாரியாயி பிறந்து, இருபது வயதுவரை தேயிலைக் கொழுந்து பறித்த இலங்கை, அதற்கும் கீழே.

"இருக்கட்டும் மாப்ள. அந்த ஊர்ல வீட்டுல சாவு விழுந்தா எத்தன நாளு வேலைக்குப் போகாம இருக்கலாம்?"

"அதெல்லாம் இதுல இல்ல அத்தே."

"பெறகு என்னத்த அளந்தாங்க? எங்க தோட்டத்துல ஒரு வீட்டுல சாவுன்னா, அந்த லயத்துல ஒருத்தரும் மலைக்கு ஏற மாட்டோம். கணக்கப்பிள்ளை பேரு போட மாட்டாரு. போடாட்டிப் போகட்டும்."

(லயம்: தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். பேர் போடுவது: வேலைக்கு வந்ததைப் பதிவது. பேர் இல்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை.)

"அது சுதந்திரமா அத்தே?"

"பட்டினி. ஆனா நாங்களாக் கெடந்த பட்டினி."

காசிநாதன், சுதாவைப் புதைத்த மூன்றாம் நாள் வெள்ளனே வேலை பார்க்க மடிக்கணினியைத் திறந்தவன். யாரும் திறக்கச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் யாரும் –

[இங்கே அவனை அழவைக்கப் பார்த்தேன். அவன் அழவில்லை.]

4

ஒரு முடிவு: போகிறான். "வெரசாக் கெளம்புங்க, நான் என்ன கைப்புள்ளயா?" என்கிறாள் மாரியாயி. நம்பும்படி இருக்கிறது. அதனாலேயே பிடிக்கவில்லை.

இன்னொன்று: மறுக்கிறான். "என்னயச் சாக்குச் சொல்லிட்டு இங்கன குந்தாதீங்க" என்று சீறுகிறாள். அதுவும் நியாயம்தான்.

அவன் இரண்டையும் விட்டுவிட்டு, நாலே முக்காலுக்கு வேறொன்று கேட்டான்.

"அத்தே, இன்னிக்கு ஒரு நாளு நான் ஒண்ணும் செய்யாம இருக்கட்டுமா?"

மாரியாயி நகர்ந்து கட்டிலில் இடம்விட்டாள்.

"இருங்க."

5

ஐந்து மணிக்குப் பதில் போனதா, என்ன பதில் என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். இதழுக்குக் கட்டுரை போகாது. நான் இன்று ஒரு நாள் ஒன்றும் –