கூடுதுறையில் போட்ட துளை

"துளை போட்டது உன்ற கைதானே?" என்று நாச்சிமுத்து கத்தினார்.

"கை என்னுதுங்க. எடங்காட்டுனது ஆருங்க?" என்றாள் ராமாத்தாள். அவள் குரலும் இறங்கவில்லை.

நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் பட்டறைக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். காது வைக்கவே தேவையில்லை. இருந்தாலும் முறத்தோடு சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்தேன். வெளிச்சம் அங்கேதான் நன்றாக இருந்தது.

நாச்சிமுத்து கடலைக்காட்டை விற்றுப் பம்பாயிலிருந்து பழைய மோல்டிங் மெஷின் ஒன்றை இறக்கியது எண்பத்து நாலில். லாரி ரேடியேட்டருக்கு நைலான் ஃபேன் வார்த்தார். நைலானில் கண்ணாடி நார் கலந்திருக்கும், இரும்புக்குச் சமம் என்பார். கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். உருகிய நைலான் அச்சுக்குள் ஒரு வாய் வழியாக நுழைந்து, நடுவில் நிற்கும் இரும்புத் தண்டை இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு போய், எதிர்ப்பக்கத்தில் மறுபடி சேரும். சேர்ந்த இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு விழும். வருஷம் தவறாமல் பவானியில் முழுக்குப் போடுகிறவர் ஆகையால் அதற்குக் கூடுதுறை என்று பேர் வைத்தார். பேரோடு நின்றிருக்கலாம். ரெண்டு ஆறு கூடுகிற இடம் விசேஷம் என்று, ஃபேனை இறுக்கும் திருகாணிக்கான துளையையும் அந்தக் கோட்டின் மேலேயே போடச் சொன்னார். துளை மெஷினில் நின்ற ராமாத்தாளுக்கும் அது சௌகரியம்தான். அளவெடுக்க வேண்டாம், கோடே குறி.

ராமாத்தாளின் புருஷன் ஆழ்துளைக் கிணறு போடுகிற போர் வண்டியோடு ஆந்திராவுக்குப் போய் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவன். அது அவளுக்குத் தெரிவதற்கு ஒரு மாதம் முன்பே எனக்குத் தெரியும். இந்த வேலைதான் அவளுக்கும் மகளுக்கும் சோறு. ஆடி மாதம் ஒருநாள் குழாயடியில் அவள் நாச்சிமுத்துவை நிறுத்தி, "கைதவறி உழுகற ஃபேனெல்லாம் கூடுதுறையிலதாங்க உடையுது. துளைய வேற பக்கம் போட்டுப் பாக்கலாங்களா?" என்று கேட்டாள்.

"கண்ணாடி பத்தலீன்னு அர்த்தம். எச்சாப் போட்டரலாம்" என்றார் அவர். போடவும் செய்தார்.

அப்போது என் குடம் நிறைந்துவிட்டது. பாதியைக் கவிழ்த்துவிட்டு மறுபடி பிடித்தேன்.

ஐப்பசியில் நாமகிரிப்பேட்டையில் சண்முகவேல் என்ற டிரைவர், என்ஜின் ஓடும்போதே பானட்டைத் தூக்கிக் குனிந்திருக்கிறான். நாச்சிமுத்து வார்த்த ஃபேன் நடுவில் பிளந்து இறக்கை ஒன்று தெறித்தது. வலது கண் போய்விட்டது. அந்தச் சேதி வந்த அன்றைக்குத்தான் இந்தச் சண்டை.

மூன்றாம் நாள் லாரிக்காரர்கள் பட்டறையில் கூடினார்கள். அச்சு வெட்டிக் கொடுத்த தீர்த்தகிரியும் சேலத்திலிருந்து வந்திருந்தார். யாரும் கூப்பிடாவிட்டாலும் நான் மோர் கொண்டுபோனேன். தீர்த்தகிரி ஒரு ஃபேனைக் கல்லில் தட்டினார். அது கோட்டோடு பிட்டுக்கொண்டது.

"ரெண்டு பக்கமும் வர்ற நைலான் பாதி ஆறி வந்து முட்டுதுங்க, கலக்கறதில்ல. நாரெல்லாம் கோட்டோடயே படுத்துக்குது. ஒன்னுகூடக் குறுக்க போறதில்ல. தறியில ஊடை ஓடாத வெறும் பாவு மாதிரிங்க, இழுத்தா வந்துரும். கண்ணாடி எச்சாப் போட்டா மத்த எடந்தான் பலமாகும். கோட்டு மேலயே போயித் துளையும் போட்டா?"

நாச்சிமுத்து கூட்டத்தைப் பார்த்தார். "எங்கிட்ட ஒரு வார்த்தை ஆராச்சும் சொன்னாங்களா? துளை போட்டவ சொல்லியிருக்கோணுமில்ல?"

"சொன்னனுங்க. ஆடியில, கொழாயடியில. இந்தக்கா பக்கத்துலதான் நின்னாங்க" என்றாள் ராமாத்தாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்தத் தெருவில் எந்த வீட்டில் குழம்பு தீய்ந்தாலும் என்னிடம்தான் விசாரிப்பார்கள். நாச்சிமுத்துவும் பார்த்தார். நாங்கள் குடியிருந்த வீடு அவருடையது.

"ஏம்மா, நீ கேட்டயா?"

"கொழாயில தண்ணி உழுகற சத்தமுங்க. எனக்கு ஒன்னும் கேக்கலீங்க."

ராமாத்தாள் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மோர்ச் செம்பை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். அவ்வளவுதான். துளை போட்டவள் கவனக்குறைவு என்று முடிவாகி, அன்றைக்கே வேலை போயிற்று. சண்முகவேலின் கண் அவள் பேரில் எழுதப்பட்டுவிட்டதால் வேறு பட்டறைக்காரர்களும் சேர்க்கவில்லை.

நாச்சிமுத்து சத்தமில்லாமல் துளையை எதிர்ப்பக்கம் மாற்றினார். தை மாதம் அவர் மகள் சௌந்திரம் அஸ்தம்பட்டி மருந்துக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டாள். பந்தியில் நான்தான் முன்னால் நின்றேன். சண்முகவேலுக்கு நிச்சயம் செய்திருந்த கந்தம்மாளை, அவள் வீட்டார் ஈரோட்டு ரேஷன் கடைக்காரருக்குக் கொடுத்துவிட்டார்கள். அவன் தனியாக இருக்கிறான் என்று கேள்வி.

ராமாத்தாள் மாசியில் கெங்கவல்லிக்கு, அண்ணன் வீட்டுக்குப் போனாள். பஸ் எங்கள் வாசலுக்கு எதிரே நின்றது. போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று படியிறங்கினேன். அவள் மகளை மடியில் இருத்திக்கொண்டு, ஜன்னலுக்கு மேலே சுருட்டிக் கட்டியிருந்த மழைப் படுதாவின் கயிற்றை நிதானமாக அவிழ்த்தாள். உச்சி வெயிலில், அந்தப் பஸ்ஸில் அந்த ஒரு ஜன்னலில் மட்டும் படுதா இறங்கியது.