சிஸ்டர், டாக்டர் எப்போ வருவாரு?

திருநின்றவூர் ஸ்டேஷனுக்கு எதிரே கிளினிக் வைத்திருக்கும் மதிவதனி, நோயாளிகள் தன்னை என்னவென்று கூப்பிடுகிறார்களோ அதுவாகவே ஆகிவிடுவார். வேறு பெயரில் யாராவது கூப்பிடும்வரை அப்படியேதான் இருப்பார். கிளினிக் திறந்த வாரமே இது தெரிந்துவிட்டது. லோக்கல் ரயில் தாமதத்தைப் போல ஊர் இதையும் பழகிக்கொண்டது. ஏரிக்கரை ஆட்கள் ‘வைத்தியரம்மா’ என்றால் அவர் விரல்களில் சுக்கு மணக்கும், நாடி பிடித்துவிட்டுக் கத்திரிக்காய் கூடாது என்பார். ‘மேடம்’ என்று கூப்பிட்ட கல்லூரி மாணவனை, வகுப்பில் போல, காய்ச்சலோடு எழுந்து நிற்கச் சொன்னார். இலவச முகாம் ஒன்றில் பிரஷர் பார்க்க வந்து மைக் பிடித்தவர் ‘மருத்துவர் மதிவதனி அவர்களே’ என்றதும் அவர் தோளில் தானாக ஒரு பொன்னாடை விழுந்தது. அன்று முழுக்க அவர் யாரையும் பார்க்கவில்லை, மேடையில் உட்கார்ந்திருந்தார்.

கூப்பிடுவது வைத்தியத்துக்கு வந்தவர்களாகவோ அவர்களைக் கூட்டி வந்தவர்களாகவோ இருக்க வேண்டும். கம்பவுண்டர் வேம்புலி நாள் முழுக்க ‘டாக்டர்’ என்றாலும் ஒன்றும் நடக்காது.

ஐப்பசி மழையில் ஒரு காலை ஆட்டோக்காரர் துலுக்கானம் தன் மனைவி தாயம்மாவைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடுமையான மூச்சிழுப்பு. சுற்றிப் பார்த்துவிட்டு மதிவதனியிடம், “சிஸ்டர், டாக்டர் எப்போ வருவாரு?” என்றார்.

வெள்ளைக் கோட்டு மறைந்து தலையில் ஒரு தொப்பி வந்தது. மதிவதனி தாயம்மாவை நிமிர்த்தி உட்காரவைத்தார், ஆக்ஸிஜன் மாட்டினார், பிரஷர் பார்த்தார், எல்லாம் கச்சிதம். மருந்தை மட்டும் டாக்டர்தான் வந்து எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டு, வாசலில் நின்று டாக்டரைத் தேடிச் சாலையைப் பார்த்தார். ஆவடிப் பக்கம் தண்ணீர் தேங்கியிருக்கும் என்று டாக்டருக்காகப் பரிந்தும் பேசினார். தாயம்மாவின் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது.

“அண்ணாத்தே, அவங்கதான் டாக்டரு. அப்டியே கூப்டு” என்றார் வேம்புலி.

“இன்னா மாமே, இந்த நேரத்துல கலாய்க்கிற? அது சின்னப் பொண்ணா கீது.”

தாயம்மா முகமூடியை இழுத்துவிட்டுப் புருஷனின் சட்டையைப் பிடித்தார். “யோவ்... போர்டுல... பொம்பள பேருய்யா.” பிறகு வாசலைப் பார்த்து, “டாக்டரம்மா” என்றார். அதற்குமேல் அவரிடம் மூச்சு இல்லை.

தொப்பி போய்க் கோட்டு முழங்கால்வரை இறங்கியது. மதிவதனி திரும்பி வந்த வேகத்தில் மருந்தைச் சொல்ல, வேம்புலி அதை ஆவியாகத் தரும் மெஷினைப் போட, இழுப்பு மெல்ல அடங்கியது. ஊசி ஒன்று பாக்கி. நிம்மதியில் துலுக்கானத்துக்குப் பழைய வாய் வந்துவிட்டது: “சிஸ்டர், பாத்துப் போடுங்க.” தொப்பி திரும்பி வந்தது. ஊசி போட்டு முடித்த பிறகும் தாயம்மா, எப்போது போடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து ஊரில் முறை இதுதான். உள்ளே போகும்போது டாக்டரம்மா, ஊசிக்கு சிஸ்டர், பத்தியம் கேட்க வைத்தியரம்மா. வரிசையில் நிற்கும் புதியவர்களுக்கு வேம்புலி சொல்லிக்கொடுக்கிறார். மேடையில் உட்காரவைக்கும் ‘மருத்துவர்’ என்பதை உடம்பு நன்றாக இருப்பவர்கள் மட்டும் சொல்கிறார்கள்.