எட்டாத பெடல்

பொங்கல் லீவுக்கு மகள் வருகிறாள் என்று தெரிந்ததும் நிலவன் நேராகச் சைக்கிள் கடைக்குத்தான் போனான். வளைந்த ஹேண்டில் வைத்த ரேஸ் சைக்கிள் வேண்டும் என்று இசைப்பிரியா போனில் ஒரே ஒரு முறை சொல்லியிருந்தாள். அது போதாதா? சுரங்க வேலையிலும் அதே நினைப்பு, கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸ் வீட்டிலும் அதே நினைப்பு.

"புள்ளையக் கூட்டிகினு வாங்க, உக்கார வச்சுப் பாத்துடலாம்," என்றார் கடைக்காரர் அப்துல் கபார்.

"ஊர்ல இல்ல பாய். இவ்ளோ உயரம் இருப்பா."

தூக்கிய கையை எங்கே நிறுத்துவது என்று அவனுக்கே தெரியவில்லை. மனைவி தமிழ்மொழி கோபித்துக்கொண்டு மகளோடு பண்ருட்டியில் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வருடம் ஓடிவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை அதற்குள் எவ்வளவு வளர்ந்திருக்கும்?

அந்தக் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் எல்லா வீட்டிலும் சட்டையோ ஷூவோ, வளர்கிற பிள்ளை என்று பெரிதாகத்தான் வாங்குவார்கள். அவனும் பெரியதையே காட்டி வாங்கினான். மனசுக்குள் இன்னொரு ஆசையும் இருந்தது. இவ்வளவு பெரிய சைக்கிளைப் பண்ருட்டி சந்துகளில் ஓட்ட முடியாது. சுரங்க நகரியத்தின் அகலமான ரோடுதான் சரி. ஒவ்வொரு லீவுக்கும் அவள் அப்பாவிடம் வந்துதானே ஆக வேண்டும்!

இசைப்பிரியா வந்தாள். சைக்கிளைக் கண்டதும் கூச்சல் போட்டாள். தூக்கி உட்கார வைத்தால், கால் பெடலுக்கு எட்டவே இல்லை.

"விட்டுடாதப்பா!"

"விடமாட்டேன் கண்ணு."

சீட்டைப் பிடித்துக்கொண்டு தெரு முனை வரை ஓடினான். மூச்சு வாங்கியது, ஆனால் அந்த ஒரு வருடத்தில் அவனுக்கு அப்படியொரு சந்தோஷம் வந்ததில்லை.

மறுநாள் தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். "ஏய், சைக்கிள் உனக்கா, உங்கப்பாவுக்கா?" என்று ஒருத்தி கத்த, எல்லோரும் சிரித்தார்கள். இசைப்பிரியா இறங்கி உள்ளே போய்விட்டாள்.

"அப்பாதான் புடிச்சுக்கிறேனே."

"நாளைக்கு நான் போயிடுவேனே. அப்புறம் யாரு புடிப்பா?" என்றாள் அவள்.

வெயில் சாய்ந்ததும் மகளைக் கூட்டிக்கொண்டு, சைக்கிளையும் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனான்.

"நான் சொன்னேன்ல, உக்கார வச்சுப் பாக்கணும்னு," என்று சிரித்தபடி கபார் பெரியதைத் திரும்ப வாங்கிக்கொண்டு சின்னதை எடுத்து வைத்தார். அதே வளைந்த ஹேண்டில். இரண்டு காலும் தரையில் ஊன்றின. இசைப்பிரியா காலால் தரையை உந்தி நாலடி போய்த் திரும்பிப் பார்த்தாள்.

மறுநாள் அழைத்துப்போக வந்த தமிழ்மொழி பஸ் ஸ்டாண்டில் சைக்கிளைப் பார்த்துத் திகைத்தாள். "இதயுமா ஏத்திகினு போவணும்? இங்கயே இருக்கட்டுங்க, வரும்போது ஓட்டிக்குவா."

அவன் ஆசைப்பட்ட வார்த்தை அதுதான். மகள் ஹேண்டிலை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள்.

"இல்ல, எடுத்துகினு போங்க. தெனம் ஓட்டட்டும்," என்றான் நிலவன். கண்டக்டரிடம் கெஞ்சிப் பின்வாசல் வழியாக அவனே ஏற்றிவிட்டான்.

அதற்கப்புறம் ஷிஃப்ட் முடிந்து வந்தால் வீடு ஓவென்று கிடந்தது. அடுத்த சனிக்கிழமையும் வருவதாகச் சொல்லிப் போன மகள் வரவில்லை. தெருவில் பிள்ளைகளோடு சைக்கிள் பழகணுமாம். ஞாயிறு சாயங்காலம் போன் அடித்தது.

"அப்பா! யாரும் புடிக்காமயே ஓட்டிட்டேன்!"

"அடி சக்கை!"

"நீ ஏன் பாக்கல?"

அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். தூரத்தில் சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது.

"உங்களுக்கு ஓட்டிக் காட்டணும்னு ஒரே அடம்," என்றாள் தமிழ்மொழி. சற்றுத் தயங்கினாள். "அடுத்த வாரம் லீவு கெடச்சா... வந்து பாத்துட்டுப் போங்களேன்."

ஒரு வருடத்தில் அவள் அவனைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. அவன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சுவர்க் காலண்டரில் அடுத்த வாரத்தைத் தேடினான்.

"லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றான் நிலவன்.