நாற்பது எண்ணும்வரை அசையாமல்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. ஒரு சினிமாப் பத்திரிகையின் ஆசிரியை போன் செய்து கேட்டார்: "சூப்பர்ஹீரோ படமெல்லாம் இன்னும் இருட்டா, இன்னும் கரடுமுரடா வரணுமா, வேணாமா? எண்ணூறு வார்த்தை. ஆமாவா இல்லையான்னு பளிச்சுன்னு சொல்லிடுங்க சார்."

என்னிடம் கேட்டதில் நியாயம் உண்டு. பத்து வருடமாக மைக் கிடைத்த இடத்திலெல்லாம் 'ஆமாம், இருட்டு வேண்டும்' என்று தொண்டை கிழியப் பேசியவன் நான். போன மாதம் கேட்டிருந்தால் அரை மணி நேரத்தில் எழுதித் தள்ளியிருப்பேன். இப்போது இப்படித்தான் வந்தது:

வீரம் என்பது வலியை அறிந்த பிறகே— (அடித்துவிட்டேன். முதுகு பிடித்துக்கொண்டதற்கே நான்கு நாள் படுத்துக்கிடந்தவன் வலியைப் பற்றி எழுதக் கிளம்பிவிட்டான்.)

குழந்தைகளுக்கான படம் என்ற சாக்கில் நாம் இன்னும் எத்தனை காலம்— (பேச்சுப்போட்டி வாடை அடிக்கிறது.)

என் தங்கையின் கணவர் தரையில் குப்புறக் கிடக்கிறார்.

மூன்றாவது வாக்கியத்தை அடிக்கக் கை வரவில்லை. ஆகவே கட்டுரை தொலைந்தது. கதை என்று சொல்லிக்கொண்டு ஏதோ எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

ஆட்கள் நான்கே பேர். குழம்ப ஒன்றும் இல்லை.

நான் திரைக்கதை எழுதுகிறவன். மஞ்சள் சட்டை போட்டு முகமூடி மாட்டிக்கொண்டு கட்டடம் கட்டடமாகத் தாவும் ஒருவனை வைத்து இரண்டு படம் எழுதியாகிவிட்டது. இரண்டும் ஓடின. அந்த மஞ்சள் சட்டையைத் தைத்தவள் என் தங்கை. அதைப் போட்டுக்கொண்டு ஹீரோவுக்குப் பதிலாக மேலேயிருந்து விழுகிறவர் அவள் கணவர். ஊர் அவரை டூப் என்று சொல்லும். எனக்கு மாப்பிள்ளை. நான்காவது ஆள் இயக்குநர்.

இனி அந்தக் கையசைப்பு. இது தெரியாவிட்டால் மற்றது எதுவும் விளங்காது. உயரத்திலிருந்து விழுந்ததும் மாப்பிள்ளை வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஒரு தடவை ஆட்டுவார். 'எனக்கு ஒண்ணுமில்ல, யாரும் ஓடி வராதீங்க' என்று ஸ்டன்ட் மாஸ்டருக்குச் சொல்வது அது. எடிட்டர் அதை வெட்டிவிடுவார். முதல் படத்தில் ஓர் இடத்தில் மட்டும் வெட்ட மறந்துவிட்டார். முகமூடிக்காரன் விழுகிறான், கையைத் தூக்கி ஆட்டுகிறான், எழுந்து போகிறான். தியேட்டரில் குழந்தைகள் பதிலுக்குக் கையை ஆட்டின. அவ்வளவுதான், இரண்டாம் படத்தில் அதை நானே ஆறு இடத்தில் எழுதிவைத்து, என் மூளையில் உதித்தது போலப் பேட்டியும் கொடுத்தேன்.

(அந்தப் பேட்டியை இன்றும் தங்கை நடித்துக் காட்டுவாள். கண்ணை மூடி, மோவாயைத் தடவி.)

3

மூன்றாம் படத்துக்கு இயக்குநர் புதியவர். அவர் அறையில் ஜன்னல் மறைப்புகள் எப்போதும் இறங்கியே இருக்கும். காலை பதினொரு மணிக்கு அங்கே காபி எது, தண்ணீர் எது என்று தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் சந்திப்பில் அவர் சொன்னார்: "இந்தக் கையாட்டுறத எடுத்துருவோம் சார். விழுந்தவன் கிடக்கட்டும். நாற்பது எண்ணுற வரைக்கும் அசையக் கூடாது. ஜனங்களுக்கு மூச்சு முட்டணும்."

நிறுத்துங்கள். இதை அவர் சொல்லவில்லை.

மூன்று வரைவிலும் அவர் வாயில்தான் இதைப் போட்டேன். அவருக்குத் திருட்டு முழியும் வாயில் அணைந்த சிகரெட்டும் கொடுத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. மனிதர் சிகரெட் பிடிப்பதில்லை, என் முதுகுக்குத் தைலம் வாங்கிக் கொடுத்தவர். அவர் கேட்டதெல்லாம் "கொஞ்சம் இருட்டா யோசிங்க" என்பது மட்டும்தான். நாற்பது எண்ணிக்கை என்னுடையது. 'அசையாமல் கிடக்கிறான்' என்று எழுதி, கீழே கோடும் போட்டவன் நான்.

சட்டையும் மாறியது. தொளதொள மஞ்சள் போய், உடம்போடு ஒட்டிய சாம்பல் நிற பனியன் வந்தது. தங்கை அதைத் தூக்கிக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தாள்.

"இதுக்குள்ள பஞ்சுப் பேடு எங்கண்ணா வைக்கிறது? மஞ்ச சட்டையில தோளுக்கு, விலாவுக்கு, இடுப்புக்குன்னு எல்லாத்துக்கும் எடம் இருந்துச்சு."

"யதார்த்தமா இருக்கணும்மா."

"ரெண்டாவது மாடியிலேர்ந்து விழுந்தா யதார்த்தமா செத்துருவான். அதையும் எடுக்கப் போறீங்களா? சரி, அத விடு. கையத் தூக்கலன்னா அவருக்கு ஒண்ணுமில்லன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கட் சொன்னதும் எழுந்திருப்பாரு."

"எழுந்திருக்கலன்னா?"

அசடு வழிந்தேன். சினிமாவில் இருபது வருடம் இருந்தவனுக்கு இந்த ஒரு கேள்வி தோன்றவில்லை. சட்டை தைப்பவளுக்குத் தோன்றியது.

4

நட்டநடுப் பகல். பெரிய தகரக் கொட்டகையில் கறுப்புத் துணி கட்டி இருட்டு செய்திருந்தார்கள். பால்கனிக் கம்பி உடைந்து மாப்பிள்ளை விழ வேண்டும். கீழே மெத்தை, அதன்மேல் சாம்பல் நிறத் துணி. வழக்கமாக மெத்தையின் ஓரத்தில் வெள்ளை நாடா ஒட்டுவார்கள், மேலேயிருந்து பார்க்க. கேமராவில் வெள்ளை பளிச்சென்று தெரிகிறது என்று அன்று ஒட்டவில்லை.

விழுந்தார். சத்தம் சரியில்லை என்று இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. என் வரி கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. மனதுக்குள் எண்ண ஆரம்பித்தேன். இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கட் சொல்லாதீங்க, யாரும் கட் சொல்லாதீங்க" என்று முணுமுணுத்தார். ஸ்டன்ட் மாஸ்டர்கூட 'பிரமாதம்' என்று தலையை ஆட்டினார். எனக்குக் கண் கலங்கியது. (இதை அடித்துவிடலாம் என்று இரண்டு நாளாகப் பார்க்கிறேன். இருக்கட்டும், எனக்கு இது வேண்டும்.)

மாப்பிள்ளையின் வலது கை விரல்கள் மட்டும் தரையிலிருந்து ஓர் அங்குலம் எழுந்து எழுந்து விழுந்தன. என்ன நடிப்பு என்று நினைத்தோம். கழுத்தில் இஞ்ச் டேப்போடு, காலில் செருப்பில்லாமல், தங்கை கேமராவுக்கு முன்னால் ஓடினாள்.

"ஏங்க, கையத் தூக்குங்க. கைய மட்டும் தூக்குங்க."

5

தோள்பட்டை எலும்பு, இரண்டு விலா. மெத்தையைப் பாதி தவறவிட்டிருந்தார். பிழைத்துக்கொண்டார், அந்த மட்டில் மூச்சு விடுங்கள். வலது கை இனி தலைக்கு மேலே போகாது என்றார் எலும்பு டாக்டர்.

இயக்குநர் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். அழவும் அழுதார். மூன்றாம் நாள் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தங்கச்சி ஓடி வர்றது டேக்ல பதிவாகியிருக்கு. அது எழுதி வர்ற விஷயமில்ல. அவங்க ரெண்டு பேரும் சரின்னா மட்டும், கதையில அந்தப் பொண்ணு யாருன்னு அரைப் பக்கம் எழுதிக் குடுங்க. வேண்டாம்னா வேற ஆள வெச்சு மறுபடி எடுத்துக்குறேன். ஒண்ணே ஒண்ணு, அந்த வசனம் மட்டும் மாத்தணும். இந்தப் படத்துலதான் அவன் கையே ஆட்டுறதில்லையே, அவ ஏன் கையத் தூக்கச் சொல்றா? புரியாது."

புரியாதாம். எனக்குத் தலையைச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வார்டுக்குள் வந்து சொன்னேன். தங்கை என்னைப் பார்க்கவே இல்லை. தட்டில் இருந்த ஆரஞ்சை உரித்துக்கொண்டே பேசினாள். "அதுல இருக்கறது என் முகம்ணா. நான் நடிக்கல. அத டிக்கெட் வாங்கி யாரும் பாக்க வேணாம்."

மாப்பிள்ளை கட்டுக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னார். "எழுதிக் குடுத்துருங்க மச்சான். இல்லேன்னா இன்னொருத்தன் அதே பனியனப் போட்டுக்கிட்டு அதே எடத்துலேர்ந்து விழுவான். அவன் பொண்டாட்டி அங்க தையல் வேலை பாக்க மாட்டா."

6

முடிவுகள். கதை எழுதுகிறவன் என்பதால் மூன்று வைத்திருக்கிறேன்.

அ. எழுதிக் கொடுக்கிறேன். படம் வருகிறது. அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது. விருது வாங்கும் மேடையில் நான் கண்ணை மூடி மோவாயைத் தடவுகிறேன். என் தங்கை என்னோடு பேசுவதில்லை.

ஆ. மறுக்கிறேன், தலை நிமிர்ந்து வெளியே வருகிறேன். இரண்டு வாரம் கழித்து, முகம் தெரியாத ஒருவர் அதே பால்கனியில் ஏறுகிறார். என் மனசாட்சி சுத்தமாக இருக்கிறது. அவருடைய தோள் எப்படி இருக்கிறது என்று நான் விசாரிக்கப் போவதில்லை.

இ. கையசைப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று வாதாடி ஜெயிக்கிறேன். மெத்தைக்கு வெள்ளை நாடா, சட்டைக்கு மஞ்சள். குழந்தைகள் கையாட்டுகிறார்கள். (இதை எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. இதுவரை எந்த மீட்டிங்கில் நான் வாதாடியிருக்கிறேன்?)

ஆசிரியை நேற்றும் போன் செய்தார். "ஆமாவா இல்லையா சார்?" இருட்டு வேண்டுமா என்பதல்ல இப்போது என் தொல்லை, அம்மணி. விழுந்தவனுக்கு உயிர் இருக்கிறதா என்று கேட்க ஒரு வழி வைக்காமல் இருட்டாக்கினோம். எண்ணூறு வார்த்தையில் இதை எந்தப் பக்கம் சேர்ப்பீர்கள்?

7

மதியம். என் சாப்பாட்டு மேசையில் எதிரே தங்கை உட்கார்ந்திருக்கிறாள். எப்படியானாலும் மீதிக் காட்சிகளுக்கு ஆள் வேண்டுமே, புது டூப்பின் அளவு வந்திருக்கிறது. சாம்பல் பனியனின் விலாப் பக்கத் தையலைப் பிரித்து, யாரையும் கேட்காமல் உள்ளே துணி கொடுத்துத் தொளதொளவென்று ஆக்கிக்கொண்டிருக்கிறாள்.

"என்ன எழுதிருக்க?"

காகிதத்தைத் திருப்பிக் காட்டினேன்.

பெண் ஓடி வருகிறாள். அவள் சொல்வது:

அதற்கு மேல் வெறும் வெள்ளை. அவள் பார்த்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அங்க எழுத எங்கிட்ட ஒண்ணுமில்ல. நான் சொல்ல வேண்டியத அன்னிக்கே சொல்லிட்டேன்" என்று மறுபடி ஊசியைக் கோத்தாள்.

அந்த வெள்ளையை உங்களிடம் தள்ளுகிறேன். அவள் என்ன சொன்னாள் என்று உங்களுக்குத் தெரியும். அதை விட்டுவைப்பதா, மாற்றுவதா, காகிதத்தையே கிழிப்பதா, நீங்களே பாருங்கள். என் யோக்கியதை என்ன என்று நான்காம் பகுதியில் சொல்லிவிட்டேன்.

எழுதுவதற்கு முன் ஒன்று மட்டும் செய்யுங்கள். கிடப்பது உங்கள் வீட்டு ஆள் என்று வைத்துக்கொண்டு, வாய்விட்டு, நாற்பது வரை எண்ணுங்கள். எங்கே நிற்கிறீர்கள் என்று பாருங்கள்.

என் தங்கை ஒன்பதில் ஓடினாள். அவள் அவரை எட்டிய பிறகும் நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.