கருவாட்டுக் குழம்பின் மேல் பழி

1

இந்தக் கதை ஒரு ரிப்ளை கார்டிலிருந்து பிறந்தது. அங்கேயே தொடங்கினால் முதல் பக்கத்திலேயே நான் மாட்டிக்கொள்வேன். ஆகவே வேறு இடத்தில் தொடங்குகிறேன்.

"1986 ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விழுப்புரத்தில் ஒரு வீட்டில் நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது."

நல்ல வாக்கியம். குற்றவாளி முதல் வரியிலேயே சட்டிக்குள் கிடக்கிறான். இருக்கட்டும்.

2

அந்த வீட்டுக்காரி கோவிந்தம்மாள். முப்பத்தொரு வயது. ஒரு கூட்டுறவுச் சங்க அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்ட். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை தேறினால் வேலை நிரந்தரம். அடுத்த பிப்ரவரிக்குள் தேறாவிட்டால் அந்த நாற்காலியில் வேறொருவர். அவளுக்கு விரல் மூட்டுகள் காலையில் வீங்கி, பத்து மணி வரை மடங்காது. ஆஸ்பத்திரியில் முடக்குவாதம் என்று சொல்லி மாத்திரை கொடுத்திருந்தார்கள்.

[அவள் விரல்களை வெண்டைக்காய் என்று எழுதி அடித்துவிட்டேன். அவளை நான் பார்த்ததே இல்லை.]

திண்டிவனத்தில் அச்சாகும் ஒரு மாத இதழில் 'லட்சுமியம்மாள் அடுப்படி'* என்று ஒரு பகுதி வரும். வீக்கம் வற்ற ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள், பத்தியச் சாப்பாடு என்று அதில் வந்தது. முடக்கத்தான் தோசை, கொள்ளு ரசம், மஞ்சளும் மிளகும் போட்ட பால். கத்தரிக்காய், கருவாடு, புளி, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை கூடாது. கோவிந்தம்மாள் அதை வெட்டி அடுப்புக்கு மேலே ஒட்டினாள். ஒரே அடுப்பு என்பதால் அவள் கணவர் பாண்டுரங்கனும் மாமியாரும் எந்த வீக்கமும் இல்லாமலே பத்தியம் இருந்தார்கள்.

* லட்சுமியம்மாள் நான்தான். மீசை உண்டு. வெந்நீர் வைக்கத் தெரியும். பெண் பெயர் போட்டால்தான் சமையலை நம்புவார்கள் என்றார் ஆசிரியர் கோதண்டபாணி. முடக்கத்தானைப் பழைய காலண்டர் ஒன்றின் பின்பக்கத்திலிருந்து எடுத்தேன். மற்றதெல்லாம் எழுத்தின் வேகத்தில் வந்தது.

3

மூன்றாவது வாரத்தில் வீக்கம் குறைந்தது. நாற்பத்தெட்டாம் நாள் பத்தியம் முறிக்க வேண்டுமல்லவா? முறிப்பதென்றால் நம் ஊரில் ஒரு வாய் புளிக்குழம்போடு நிற்காது. தலை முழுகி, இலை போட்டு, எதையெல்லாம் விலக்கினார்களோ அதையெல்லாம் வரிசையாக அழைத்து மன்னிப்புக் கேட்பதுபோல் ஒரு விருந்து. கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பு, உளுந்து வடை, மல்லாட்டைத் துவையல். பாவம், மாமியாருக்கு நாற்பத்தெட்டு நாள் பசி.

விருந்து முடிந்த நான்காம் நாள் பரீட்சை. மணி அடித்ததும் கோவிந்தம்மாள் விரல்களை விசைகளின் மேல் வைத்தாள். அவை

[இந்த வாக்கியத்தை ஐந்து முறை தொடங்கினேன். "அவை அசையவில்லை" என்றுதான் முடிகிறது.]

கதை இங்கே முடிந்திருக்கலாம். நாக்கை அடக்காத குடும்பம், கைவிட்ட விரல்கள், அடியில் ஒரு நீதி. கோதண்டபாணி அப்படியே அச்சுக்குக் கொடுத்துவிடுவார்.

4

ஆனால் எனக்கே ஒரு சந்தேகம். தெரிந்த டாக்டர் ஒருவரிடம் கதைக்காக என்று சொல்லிக் கேட்டேன். கீரையும் மஞ்சளும் நல்லதுதான், தாராளமாகச் சாப்பிடட்டும், அதுபாட்டுக்கு அது, ஆனால் ஒரு வேளைக் கருவாடு இவ்வளவு வேலை செய்யாது என்றார். பிறகு, அந்தப் பெண் மாத்திரையை நிறுத்தினாளா என்று கேட்டார்.

கதையில் அது இன்னும் வரவில்லை என்றேன்.

5

வருகிறது. மூன்றாவது வாரம் கோவிந்தம்மாள் லட்சுமியம்மாளுக்கு நன்றி சொல்லி எழுதியிருந்தாள். ஒரு பிழைகூட இல்லாத டைப். கடைசி வரியில் ஒரு கேள்வி: "அம்மா, ஆஸ்பத்திரி மாத்திரையையும் சேர்த்துச் சாப்பிட வேண்டுமா?"

நான் பதில் எழுதினேன்: "அடுப்படி இருக்க ஆஸ்பத்திரி எதற்கு மகளே?"

எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன். அதன் ஓசை எனக்குப் பிடித்திருந்தது. வெட்கமாக இருக்கிறது.

பரீட்சைக்குப் பிறகு பாண்டுரங்கன், என் பதிலில் இருந்த விலாசத்தைப் பிடித்து, பஸ் ஏறி வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார். மல்லாட்டை மண்டியில் மூட்டை தைக்கிறவர். கையில் ஒரு பை நிறைய மல்லாட்டை.

"அம்மா இல்லீங்களா?"

ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டேன். லட்சுமியம்மாளின் தம்பி என்று என்னை அறிமுகம் செய்துகொண்டேன்.

ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் திட்டியதைச் சொன்னார். விட்ட மாத்திரையை உடனே தொடங்காவிட்டால் விரல்கள் கோணிக்கொண்டு அப்படியே நின்றுவிடுமாம். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அவ மாத்திரைய தொட மாட்டேன்றா சார். அஞ்சறைப் பெட்டில வச்சிக்கினு, அம்மா சொல்லட்டும்ன்றா. விருந்து துன்னது தன் தப்புன்னு ஒரே அழுகை. அம்மா எழுத்துன்னா அவளுக்கு அவ்ளோ நம்பிக்கை. நீங்க கொஞ்சம் சொல்லுங்க."

அவள் கொடுத்தனுப்பிய ரிப்ளை கார்டையும் பையையும் கொடுத்தார். மல்லாட்டையை இப்போது அவர்கள் வீட்டில் யாரும் தொடுவதில்லையாம். மறுபடி பத்தியம்.

6

கார்டின் ஒரு பாதியில் கோவிந்தம்மாளின் டைப். வரிக்கு வரி எழுத்து விட்டுப்போயிருக்கிறது. பிப்ரவரிப் பரீட்சைக்கு இந்த முறை எத்தனை மண்டலம் என்று கேட்கிறாள். மறு பாதி எனக்காகக் காலியாக இருக்கிறது.

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

(அ) லட்சுமியம்மாளே மாத்திரை சாப்பிடச் சொல்கிறாள். கோவிந்தம்மாள் கேட்டுக்கொள்வாள். லட்சுமியம்மாளுக்கு இன்னொரு நன்றிக் கடிதம் வரும்.

(ஆ) என் பெயரில் உண்மையை எழுதுகிறேன். திண்டிவனத்திலிருந்து எவனோ ஒரு மீசைக்காரன் சொல்வதை அவள் ஏன் நம்ப வேண்டும்? மாத்திரை பெட்டியிலேயே கிடக்கும்.

(இ) லட்சுமியம்மாள் காலமானார் என்று

[இல்லை. கோவிந்தம்மாள் பஸ் ஏறித் துக்கம் கேட்க வந்துவிடுவாள்.]

இந்தக் கதையை எழுத ஒன்பது நாள் ஆயிற்று. கார்டு என் மேசைக்கு வந்தும் ஒன்பது நாள்தான். அங்கே ஒன்பது காலைகள் அவள் விரல்கள் வீங்கியிருக்கின்றன. நான் கருவாட்டுக்கு அடைமொழி தேடிக்கொண்டிருந்தேன்.

ஆகவே வாசகரே, முடிவு உங்களுடையது. கார்டு இதோ. பெயர் எது வேண்டுமானாலும் போடுங்கள். மாத்திரையைச் சாப்பிடு, தோசையும் சாப்பிடு, கருவாட்டின் மேல் தப்பில்லை, உன் மேலும் தப்பில்லை என்று நாலு வரி போதும். அழகாக எழுத வேண்டாம். காலைத் தபால் எடுப்பதற்குள் போட்டுவிடுங்கள்.

என்னிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நான் மறுபடியும் நன்றாக எழுதிவிடுவேன்.